இதர செலவு

ஜபருல்லா பாய் சீட்டை வாங்கினால்
அடியிலிருந்து மேலாகத்தான் படிப்பார்.
மேலே இருப்பது அவருக்கு மனப்பாடம்:
துவரை மூணு கிலோ, புளி ஒன்றரை,
வரமிளகாய் முக்கால், மல்லி ஒன்று.
உளுந்து வேண்டாம்.
பங்குனியில் வயலில் பறித்த கூலி உளுந்து
பானையில் இன்னும் முழங்கை ஆழம் இருக்கிறது.

மூன்று சம்பளம் ஒன்றாக வந்து உட்கார்ந்து,
வட்டி எழுந்து போனபின்
ஆறாயிரத்து நானூறு.
அரிசி ரேஷனில் வந்துவிடும்.
மற்றதெல்லாம் இதற்குள்.

பதின்மூன்று பேர்.
எங்களிடம் எட்டுத் தட்டு,
அதனால் இரண்டு பந்தி.
முதல் பந்திக்குக் குழம்பு, குழம்பாகவே இருக்கும்.
இரண்டாம் பந்திக்கு அது
ரசத்துக்கு அண்ணன்.
பள்ளிக்கூடம் போகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும்
முதலில் உட்காருவார்கள்.
மாமனார் எந்தப் பந்தி என்பதில் மட்டும்
வருடம் முழுக்கச் சண்டை.

அப்பளம் பொரித்த எண்ணெய்
மறுநாள் தாளிக்கும்,
அதற்கு மறுநாள் தோசைக்கல்லைத் துடைக்கும்.
பத்தாம் தேதி வரை
சாம்பாரில் முருங்கைக்காய் தானாகத் தெரியும்.
இருபது வரை கரண்டி தேடிக் கண்டுபிடிக்கும்.
அப்புறம் வாய்க்கால் கரைதான் மளிகைக்கடை:
பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை,
தண்ணீர் முறை வந்திருந்தால்
பையன்கள் பழைய கொசுவலையில் அள்ளிவரும்
சுண்டுவிரல் கெண்டை.
அதைக் கழுவ அரைநாள்,
தின்ன அரைநிமிடம்.

விருந்தாள் வந்தால்
குழம்பில் ஒரு செம்பு தண்ணீர் என்பார்கள்.
அப்படியில்லை.
குழம்பு தண்ணியானால் சோறு கூடுதலாக இறங்கும்.
கெட்டிக்குழம்பு வைத்தால்தான் அரிசி மிஞ்சும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு
நாலு வருடமும் ஒரு மச்சினன் கல்யாணமும் ஆனது.

சீட்டின் கடைசி வரி:
இதர – 25.

யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல,
ஊக்கு, ஊசி, நூல்கண்டு என்று
வரிசையாக வைத்திருந்தேன்.

சாமான் வாங்கித் திரும்பும்போது
நீடாமங்கலத்தில் கேட் சாத்தியிருக்கும்.
டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுத்
தலைக்குப் பின்னால் கை கோத்துக்கொள்வார்.
பைகளைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு
இறங்குவேன்.
கேட்டோரக் கடையில்
ஒரு மெதுவடை, ஒரு காப்பி.

பிட்டு யாருக்கும் நீட்டாத வடை.
பதின்மூன்றால் வகுக்காத ஒரு வட்டம்.

ஆனாலும் எண்ணும் புத்தி விடாது.
நெல் ஏற்றிய வேகன்களை எண்ணுவேன்.
ஒரு மாதம் நாற்பத்திரண்டு,
ஒரு மாதம் நாற்பது.
எங்கேயோ ஒரு கதவிடுக்கில் கசிந்து
தண்டவாளம் நெடுக நெல்மணி.
மைனாக்கள் ரயில் போய் முடியும்வரைகூடப்
பொறுக்காது.
எந்த ஊர் உலைக்குப் போகிறதோ.
காப்பியின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கும்,
அதையும் விரலால் வழித்துவிடுவேன்.
கடைசிப் பெட்டி தாண்டினதும்
வாய் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

இந்த ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல்.
ஓரகத்தி தையல்நாயகி போனாள்.
பைகளை இறக்கிவைத்து
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.
படுத்தபடியே கூட்டிப் பார்த்தேன்.
ஒரு ரூபாய் பிசகவில்லை.
மடித்த சீட்டின் அடியில்
கோணல் கோணலான அவள் எழுத்தில்:
இதர – 25.

‘ஊக்கா?’ என்றேன்.

‘ஊக்குதான்’ என்றாள்.
டப்பாவில் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தாள்,
முகம் அந்தப் பக்கம்.

‘கேட்டு சாத்தியிருந்துச்சா?’

கொட்டுவது நின்றது.

‘நாப்பத்தொரு பொட்டி.’

கொஞ்ச நேரம் கழித்து,
டப்பாவிடம் சொல்வதுபோல,
‘வடைக்கு அஞ்சு ரூவா ஏத்திட்டான்க்கா.
நான் காப்பிய அரையா வாங்கிக்கிட்டேன்.’

எழுந்து உட்கார்ந்து
அடுத்த மாதச் சீட்டை எடுத்தேன்.
இதர – 30.
கடுகில் ஐம்பது கிராம் குறைத்தேன்.